கோகிலாவின் கடைசிக் குப்பி

நவம்பர் 4
லேப் ஃபிரிட்ஜைத் திறக்கவே கை வரவில்லை. என் ஆய்வுத் தோழி கோகிலவாணி செய்துவைத்த ஐந்து குப்பிகளும் உள்ளே இருக்கின்றன. யூவி விளக்கைக் காட்டினால் சிவப்பாக ஒளிர்கின்றன. அவள் டெங்குவில் போய் ஒரு மாதம்.

தங்க உப்புக் கரைசலில் முட்டைப் புரதம் கலந்து, காரம் விட்டு, முப்பத்தேழு டிகிரியில் பன்னிரண்டு மணி நேரம் வைக்க வேண்டும். அவ்வளவுதான். நான் செய்தால் மட்டும் மங்கிக் கிடக்கிறது.

நவம்பர் 7
எங்கள் கைடு நிர்மலா மேடம் குப்பிகளை வரிசையாக வைத்துப் பார்த்தார். "அஞ்சும் முப்பத்தேழுன்னு எழுதியிருக்கா. கடைசி மட்டும் ரெண்டு மடங்கு ஒளிருது. ராத்திரி லேப்ல கரண்டையே அணைச்சிடறாங்க, சூடு எங்கேர்ந்து வந்துச்சு? எதையோ கலந்திருக்கா, பாரதி. கட்டுரையில அவ பேரை எடுத்துடு."

செத்தவள் வந்து பதில் சொல்வாளா? அழுகையும் ஆத்திரமுமாக வருகிறது. எடுக்க மாட்டேன். என்ன ஆனாலும் சரி.

நவம்பர் 8
எடுக்கவில்லை.

நவம்பர் 16
கோகிலாவின் ஊரான வெள்ளிமலைக்குப் போனேன். கோகிலாவின் அம்மா குஞ்சம்மாள் மரவள்ளிக் காட்டிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். குப்பிகளைப் பற்றிக் கேட்டேன்.

"அந்த சீசாவா? வூட்டுக்கு எடுத்தாருவா. அக்குள்ல இடுக்கிக்கினுதான் தூங்குவா. ஒடம்புச் சூடுதான் வேணுமாம் அதுக்கு. கடைசி ராத்திரி ஒடம்பு நெருப்பா கொதிக்குது. ஆஸ்பத்திரிக்கு வாடின்னேன். 'விடியட்டும்மா, நடுவுல எடுத்தா கெட்டுப்பூடும்'னா."

என்னிடம்கூடச் சொல்லவில்லையேடி. அடிப்பாவி - ஒரு குப்பி கெட்டால் கெட்டுப் போகட்டுமே!

திரும்பும் பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை காலி. ஆனால் அந்தப் பக்கத்துத் தோள் மட்டும் கள்ளக்குறிச்சி வரைக்கும் அனலடித்துக்கொண்டே வந்தது. திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது.

நவம்பர் 21
"வீட்டில் சூடுபடுத்தியிருக்கிறாள், கடைசியை மட்டும் நாற்பதில் வைத்திருக்கிறாள், மாற்றி எழுத மறந்துவிட்டாள்" என்று நேற்று மேடத்திடம் சொன்னேன். அந்த நாற்பது அவளுடைய காய்ச்சல் என்று சொல்ல வாய் வரவில்லை. இன்று விடிந்ததும் லேபைத் திறக்கச் சொல்லி, இன்குபேட்டரை நாற்பதில் வைத்து இருட்டும் வரை காத்திருந்தேன். விளக்கைக் காட்டினேன். கடைசிக் குப்பியின் அதே சிவப்பு.

மேடத்துக்குத் தலைகால் புரியவில்லை. "நாற்பதுதான் சரியான சூடு! அவ பேரையே முதல்ல போடு. இது எப்படித் தோணுச்சு அவளுக்கு? கெட்டிக்காரப் பொண்ணு."

கடைசிக் குப்பியை எடுத்துப்போய் ஃபிரிட்ஜில் வைத்துக் கதவைச் சாத்தினேன்.

ஏப்ரல் 12
கட்டுரை வந்துவிட்டது. மலைக்கு எடுத்துப் போனேன். குஞ்சம்மாள் மகளின் பெயரை விரலால் தடவினார்.

"இன்னா கண்டுபுடிச்சா எம் பொண்ணு?"

"எவ்ளோ சூட்டுல வெச்சா தங்கம் நல்லா ஒளிரும்னு கண்டுபுடிச்சாம்மா."

"எவ்ளோ சூடு?"

"அதெல்லாம் மிஷினு பாத்துக்கும்மா" என்றேன்.