மூன்றாம் ஓலை

20.8.98, வியாழன்
பள்ளி நூலகத்தில் ஒரு அறிவியல் மாத இதழ். 'சிறுநீரகப் புற்றுநோய்' என்ற தலைப்பைப் பார்த்ததும் காது சூடாகிவிட்டது. கட்டியின் செல்களில் எந்த மரபணு மும்முரமாக வேலை செய்கிறது, எது அடங்கிக் கிடக்கிறது என்று பார்த்தே, அது புற்றுதானா, திரும்ப வருமா என்றெல்லாம் ஒருநாள் சொல்லிவிடலாமாம். இரண்டு பக்கத்தை நோட்டில் எழுதினேன். மணி அடித்துவிட்டது.

ஜூனில் மதுரையில் அப்பாவின் இடது சிறுநீரகத்தை எடுத்தது இதற்காகத்தான். ஊருக்கு நாங்கள் சொன்னது: கல். மெர்சி அக்கா கல்யாணம் முடியும்வரை கல்தான்.

23.8.98, ஞாயிறு
எங்கள் பங்குக் கோவில் பூசையில் அக்காவுக்கு முதல் ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு. மூன்று ஞாயிறு வாசித்தால்தான் கல்யாணம். "காளையார்கோவில் சகாய ஆண்டனிக்கும் நமது பங்கைச் சேர்ந்த மெர்சிக்கும்... தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள்." எல்லாரும் அக்காவைப் பார்த்தார்கள். நான் நோட்டை நினைத்தேன். மரபணு. மரபு, அணு. அப்பாவிடம் இருந்தால் அக்காவிடமும் இருக்குமே, அக்காவின் பிள்ளையிடமும். தெரிந்தும் சொல்லாமல் இருப்பது பாவமில்லையா?

30.8.98
இரண்டாம் ஓலை. பாவத்தோடு வாங்கக் கூடாதென்று நான் நற்கருணை வாங்கப் போகவில்லை. அம்மா முறைத்தாள்.

2.9.98, புதன்
மாப்பிள்ளையின் அம்மா அக்காவுக்கு ஜாக்கெட் அளவு வாங்க வந்தார்கள். கை கழுவ நான்தான் தண்ணீர் ஊற்றினேன். அங்கேயே சொல்லிவிட்டேன்.

"கல்லுன்னுல்ல சொன்னீக?"

"இல்ல அத்தை, கேன்சரு. மரபணுவுல இருக்கு."

"மரபணுன்னா? வழிவழியா வர்றதா?"

"ஆமா" என்றேன். நோட்டைக்கூட எடுத்துக் காட்டினேன். அளவு ஜாக்கெட்டைக் கட்டில்மேலேயே வைத்துவிட்டு, காப்பி குடிக்காமல் போய்விட்டார்கள்.

4.9.98
ஆள் அனுப்பி, வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அம்மா கத்தினாள்: "ஒன்னய யாருடி கேட்டா? சாமியாரு ஓலைய வாசிச்சா நீ சாட்சி சொல்லப் போயிருவியா?" அப்பா விலாவில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். அக்கா மட்டும் மெதுவாகச் சொன்னாள்: "நீ டாக்டருக்குப் படி வின்சி. மொத கேஸு நாந்தான்."

6.9.98
அக்காவுக்கு மூன்றாம் ஓலை வாசிக்கவில்லை.

10.9.98, வியாழன்
மறுபடி நூலகம். அதே இதழ். நான் எழுதாமல் விட்ட மூன்றாம் பக்கம். 'இம்மாற்றங்கள் பெரும்பாலும் கட்டியின் செல்களுக்குள் மட்டும் நிகழ்பவை. பரம்பரையாக வரும் சிறுநீரகப் புற்று நூற்றில் ஒரு சிலருக்கே.'

ஒரே ஒரு பக்கம். வகுப்பில் எல்லாவற்றையும் முழுசாகப் படிப்பவள் என்று பேர் எனக்கு. தூ —

கடமைக்காகவா சொன்னேன்? அத்தை என் வாயையே பார்த்துக் கேட்டுக்கொண்டு நின்றது பிடித்திருந்தது. அதுதான் நிஜம். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் இதை என்ன பாவம் என்று சொல்வது?

14.9.98
மூன்று பக்கத்தையும் எழுதி, 'நான் சொன்னது தப்பு' என்று காளையார்கோவிலுக்குத் தபாலில் போட்டேன்.

3.10.98
பதில் இல்லை. சகாய ஆண்டனிக்கு வேறு இடத்தில் நிச்சயமாகிவிட்டதாம். அக்கா கேட்டுவிட்டுத் துணி காயப்போடப் போனாள்.

9.1.99, சனி
கல்லலிலிருந்து அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். நான் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. காப்பி வைக்கும் முன்பே அப்பா சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டினார். "கிட்னியில கேன்சர் கட்டி. எடுத்துட்டாக. திரும்ப வராதுன்னு யாரும் எழுதித் தரல. மத்தத எங்க சின்னவ சொல்லுவா. ஏ வின்சி, இங்குட்டு வா."

"மரபணுன்னா..." என்று தொடங்கி நிறுத்திவிட்டேன். பிறகு மூன்று பக்கமும் சொன்னேன். தெரியாததைத் தெரியாது என்றேன்.

மாப்பிள்ளை அருள் பிரகாஷின் அப்பா கேட்டார்: "ஏங்க, இந்த டாக்டரம்மாவும் சீர்ல சேர்த்தியா?" எல்லாரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

31.1.99, ஞாயிறு
அக்காவுக்கும் அருள் பிரகாஷுக்கும் மூன்றாம் ஓலை. "தடை ஏதும் அறிந்தவர்கள்" என்று சாமியார் வாசித்தபோது, பக்கத்தில் இருந்த அக்கா முக்காட்டைச் சரிசெய்வதுபோலக் கையை எடுத்து என் வாயைப் பொத்தினாள். பவுடர் வாசனை. அடுத்த ஜோடியின் பெயரை வாசிக்கும்வரை கையை எடுக்கவில்லை.