சுவருக்கு அந்தப் பக்கம் ஹட்டன்

ஆறாம் லயம், மேற்பிரிவு,
லிந்துலை.
18.11.2007

அன்பு மகள் பிரியந்திக்கு,

நம்முடைய ரயில் சுவரைத் தாண்டிவிட்டது, போன மாதம் ஆறாம் தேதி சனிக்கிழமை பின்னேரம் நாலேகாலுக்குத் தலவாக்கலையில் புறப்பட்டு, கொட்டகலையைக் கடந்து, சிங்கமலைச் சுரங்கத்துக்குள் புகுந்து, உன் காம்பராவில் இருக்கும் ஹட்டன் ஸ்டேஷனில் ஒரு தடவைகூடத் தடம் புரளாமல் போய் நின்றது! இந்தச் செய்தியோடு கடிதத்தை முடித்துக்கொள்ளத்தான் எனக்கு ஆசை. ஆனால் தோட்டத்தில் வேலைக்குப் பெயர் பதிந்து நீ வாங்கிய அந்த ஓரறைக் காம்பரா இப்போது நம்மிடம் இல்லை மகளே. ஒரு மாதமாக இதை எழுத உட்காருவதும் எழுந்துபோவதுமாக இருந்தேன்.

நானும் அம்மாவும் நோய்நொடியில்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே அப்படியே இருக்க முருகனைக் கேட்கிறேன். அம்மாவுக்குப் பனி தொடங்கியதும் முழங்கால் பிடித்துக்கொள்கிறது, ஆனாலும் ஒரு நாள்கூடக் கொழுந்து பறிக்கப் போகாமல் நிற்கவில்லை. ஜோர்தானில் குளிர் வந்துவிட்டது என்று நெட் கடையில் பார்த்தேன், இராவில் நாலு டிகிரி என்று போட்டிருந்தது. கார்மெண்டில் இருந்து விடுதிக்கு நடந்து வரும்போது காதை மூடிக்கொண்டு வா. தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு வேலைக்குப் போகாதே.

நடந்ததை முதலில் இருந்து எழுதுகிறேன், அம்மா வேறு மாதிரி எழுதுவதற்குமுன் நானே எழுதிவிடுகிறேன். நீ போகும்போது ரயில் ஒரு மூன்றடிப் பலகையில் வட்டம்தானே அடித்துக்கொண்டிருந்தது. நீ போன பிறகுதான் எனக்குப் பைத்தியம் முற்றியது. ஃபேக்டரி ஸ்டோரில் கிடந்த பழைய தேயிலைப் பெட்டிகளின் ஓரத் தகரத்தை வெட்டி வெட்டி நாற்பது அடிக்குத் தண்டவாளம் செய்தேன். உன் பழைய கேசட் பிளேயரின் மோட்டர்தான் இப்போது இஞ்சினுக்குள் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தலவாக்கலை நெட் கடைக்குப் போய்விடுவேன். அங்கே உலகம் முழுக்க வீட்டுக்குள் ரயில் ஓட்டுகிறவர்கள் கூடிப் பேசும் ஒரு பக்கம் இருக்கிறது. வளைவு எப்படிப் போடுவது, கரண்ட் எப்படிப் பிரிப்பது, எல்லாம் அதைப் பார்த்துப் பார்த்து நானாகப் படித்ததுதான், ஒருத்தரும் சொல்லித் தரவில்லை. டிக்‌ஷனரியை மடியில் வைத்துக்கொண்டு நானும் இங்கிலீஷில் எழுதுவேன். தகரத் தண்டவாளத்தைப் படம் பிடித்துப் போட்டதும் நாற்பத்தொரு பேர் பதில் போட்டார்கள்! நாற்பத்தொரு பேர்! தோட்டத்தில் என் பெயரை அத்தனை பேர் ஒழுங்காகக் கூப்பிட்டதில்லை.

நம் காம்பராவில் தலவாக்கலை வரைக்கும்தான் இடம் இருந்தது. அன்றைக்கு உன்னை ஏற்றிவிட்டு நான் நின்ற பிளாட்பாரமும் அதுதான். அதற்கு அப்பால் நீ போன வழியையும் போட்டுவிட வேண்டும் என்று ஒரு வெறி. நம் காம்பராவுக்கும் உன் காம்பராவுக்கும் நடுச்சுவரில் ஓட்டை போட்டேன், அதுதான் சிங்கமலைச் சுரங்கம். உன் கட்டிலைக் கழற்றிச் சாய்த்து வைத்துவிட்டு அங்கே மேசை அடித்தேன். ஆனால் ஹட்டன் வளைவுக்கு வந்ததும் ரயில் இருமல்காரன் மாதிரி நின்று நின்று போனது. பார்த்தால் தண்டவாளம் முழுக்கக் கரி. உன் அடுப்புப் புகைதான். நீ போகும்போது அம்மாவிடமும் என்னிடமும் கேட்டுக்கொண்டது அந்த ஒன்றைத்தானே, அடுப்பை மட்டும் அணையவிடாதீங்க என்று. உன் பெயரைச் செக்ரோல் வேலைப் பதிவில் வெட்டிய நாளில் இருந்து அம்மா விடியக்காலை உன் காம்பராவில் மிலாறு விறகை வைத்து ஊதி, அங்கேதான் தேத்தண்ணி வைப்பாள். காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக்குப் போகிற கணக்கப்பிள்ளை கூரையைப் பார்த்துக்கொண்டுதான் போவான், புகை வந்தால் ஆள் இருக்கிறது, புகை வராவிட்டால் காலி. இது எனக்குத் தெரியாதா? பிறந்ததில் இருந்து தெரியும்.

தெரிந்தும் நான் யாரைக் கேட்டேன் தெரியுமா? நெட்டில் அந்த ரயில்காரர்கள் பக்கத்தில் எழுதிக் கேட்டேன். நியூசிலாந்தில் இருந்து ஒருவர், நல்ல மனிதர்தான், ரயில் இருக்கும் அறையில் புகையே கூடாது, புகை வருகிற இடத்தை முதலில் எடுத்துவிடுங்கள் என்று பதில் போட்டார். மற்றவர்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள். அவர்களுக்குப் புகை என்றால் புகை மட்டும்தான். அன்றைக்கே உன் அடுப்பைப் பிரித்தேன். அம்மா வாசலில் நின்று, "பொக இல்லாத வீட்ட யாருங்க வீடுன்னு சொல்லுவாங்க? அவ வந்து கேட்டா நீங்கதான் பதில் சொல்லணும்" என்றாள். நம்ம அடுப்புப் புகையே ரெண்டு காம்பராவுக்கும் போதும் பூரணி என்று சிரித்தேன். குடிபுகும்போது பால் காய்ச்ச நீ ஆற்றில் இறங்கிப் பொறுக்கி வந்த அந்த மூன்று கல்லையும் ஹட்டனுக்குப் பின்னால் மலையாக வைத்து, மேலே பச்சை பூசினேன். ரொம்ப அழகாக இருந்தது. அதுதான் எனக்கு வயிறு எரிகிறது, உண்மையிலேயே அழகாக இருந்தது.

ரயில் ஓடி ஒரு வாரம் இருக்கும், கணக்கப்பிள்ளை கந்தப்பன் வந்து உன் காம்பராக் கதவைத் தட்டினான். ரயிலைப் பார்க்கத்தான் வந்திருக்கிறான் என்று நான் நினைத்தேன் மகளே. லயமே வந்து பார்த்துவிட்டுப் போன நேரம் அது. வாங்கய்யா வாங்கய்யா என்று கூப்பிட்டு, ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, இரண்டு தடவை ஓட்டிக் காட்டினேன். சுரங்கத்தில் இருந்து இஞ்சின் வெளியே வந்தபோது கை தட்டினான். "அடேயப்பா பொன்னையா, அசல் ஹட்டன்தான்யா" என்றான். பிறகு சும்மா கேட்பதுபோல, "ஆமா, இங்க யாரு படுக்கிறா?" என்று கேட்டான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "படுக்க எடம் ஏதுங்கய்யா, முழுக்க ரயிலுதான்" என்றேன். பெருமையாகச் சொன்னேன். தட்டின அதே கையால் போய் ஆபீசில் எழுதிக் கொடுத்துவிட்டான். நாலாம் நாள் கடிதம் வந்தது, வேலைக்குப் பெயர் இல்லாத, ஆள் குடியில்லாத காம்பராவைத் தோட்டம் திரும்ப எடுக்கிறது என்று. ஓடிப்போய்க் கேட்டதற்கு, "நீதானேய்யா சொன்ன?" என்கிறான். நான்தான் சொன்னேன்.

மீனம்மா குடும்பத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் ஒரு காம்பராவில் ஒன்பது பேர், மருமகள் பிள்ளை பெற்று இருபது நாள்கூட ஆகவில்லை. யாரிடம் போய்ச் சண்டை போடுவது? மேசையைச் சுவரோடு வைத்து நானே மரம் அறுக்கிற வாளால் அறுத்தேன். ஓட்டையைச் சீமெந்து வைத்து அடைத்தார்கள். இப்போது ரயில் சுரங்கத்துக்குள் மூக்கை விட்டு முட்டிக்கொண்டு நிற்கும், பிறகு பின்னால் வரும். நெட்டில் அந்த ரயில்காரர்கள் பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதிப் போட்டேன். வருந்துகிறோம், வேறு அறை பாருங்கள் என்று எழுதி ஒரு சிரிக்கிற முகமும் போட்டிருந்தார் ஒருவர். அதற்குப் பிறகு அதற்குள் நான் போகவில்லை, இன்று காலையிலும் உங்கள் ஊர்க் குளிரைப் பார்த்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

நிரோஷன் ஹட்டன் கடையில் இருந்து லீவில் வந்தான். கல்யாணத்துக்குப் பிறகு நீங்கள் குடியிருக்க வேண்டிய வீட்டு வாசலில் மீனம்மாவின் துணி காய்வதைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினான். "மார்ச்சுல அவ வந்ததும் ஒங்க ரயில்லயே ஏறி எங்கயாவது போயிடுறோம் மாமா, டிக்கட் மட்டும் போட்டு வைங்க" என்றான். தேத்தண்ணி குடிக்காமல் போய்விட்டான். அம்மா என்னோடு தேவைக்கு மட்டும் பேசுகிறாள், சோறு போட்டிருக்கு, விறகு இல்ல, அவ்வளவுதான். திட்டினாலாவது பரவாயில்லை.

மகளே, மூன்றாம் லயக் கோடியில் ஒரு காம்பரா கிடக்கிறது, பாதிக் கூரை இல்லை, தகரத்தை நான் அடித்துவிடுவேன். மார்ச்சில் வந்து மறுபடியும் பெயர் பதிவேன் என்று தோட்டத் துரைக்கு உன் கையால் ஒரு கடிதம் எழுது. நான் எழுதினால் சிரிப்பார்கள். நிரோஷனுக்கும் இரண்டு வரி போடு, அவன் கோபம் என்னோடுதான், உன்னோடு இல்லை. விடுதியில் யாருக்காவது இப்படிக் காம்பராவைத் திரும்ப வாங்கிய அனுபவம் இருந்தால் கேட்டு எழுது.

மீனம்மா அடுப்பு போட்டிருப்பதும் அதே மூலையில்தான். விடிந்ததும் சீமெந்தின் ஓரமாகப் புகை கசிந்து இந்தப் பக்கம் வந்து தண்டவாளத்தில் படிகிறது. நான் துடைப்பதில்லை. உன் மூன்று கல்லையும் பச்சை போகத் தேய்த்துக் கழுவி, அம்மா சாக்கில் கட்டித் தன் கட்டிலுக்குக் கீழே வைத்திருக்கிறாள். மீனம்மா வந்து, "சும்மாதானே கெடக்கு, தாங்கக்கா" என்று கேட்டாள். அம்மா தரவும் இல்லை, மாட்டேன் என்று சொல்லவும் இல்லை, என்னைப் பார்த்தாள். கொடுக்கவா, வைத்திருக்கவா என்று நீதான் எழுத வேண்டும்.

எங்கே இருந்தாலும் உனக்கு ஒரு குறையும் வராமல் இருக்க வேண்டும். காதை மூடிக்கொள்ள மறக்காதே. என்னைத் திட்டியாவது பதில் எழுது.

இப்படிக்கு,
உன் அப்பா,
பொன்னையா