திருப்போரூரில் பூஜை போட்ட மான்ஸ்டர்

கல்பாக்கம் டவுன்ஷிப்,
21.11.1999

அன்புள்ள ஹரிப்ரியாவுக்கு அப்பா ஆசீர்வதித்து எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே பொலோனியாவில் குளிர் ஆரம்பித்திருக்கும், நீயும் சளி இருமல் இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே மழை விட்டபாடில்லை. உன் கவர் வந்ததும் கடிதத்தை அம்மா எடுத்துக்கொண்டாள், போட்டோவை நான் எடுத்துக்கொண்டேன். செகண்ட் ஹாண்டில் நீ வாங்கியிருக்கும் அந்தச் சிவப்பு டுகாட்டி மான்ஸ்டரைப் பார்த்ததிலிருந்து எனக்குப் பொறாமையாக இருக்கிறது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. பெற்ற பெண் மேல் பொறாமைப்படுகிறவன் உண்டா என்று அம்மா கேட்கிறாள். உண்டு, இந்த குவார்ட்டர்ஸிலேயே ஒருத்தன் இருக்கிறான்.

அறுநூறு சிசி, அந்தக் கம்பெனியில் இதுதான் சின்னது, புதிதாக ஓட்டுகிறவர்கள் முதலில் இதைத்தான் வாங்குவார்கள் என்று எழுதியிருக்கிறாய். சின்னதே இப்படி என்றால் பெரியதை நான் பார்க்காமல் இருப்பதே நல்லது. முன்னால் கண்ணாடி, பக்கத்தில் தகடு என்று எந்த மூடாக்கும் இல்லை, இன்ஜினும் குழாய்களும் அப்படியே வெளியே தெரிய, சட்டை போடாமல் நிற்கிறது. இத்தனை வருஷம் ஒர்க்‌ஷாப்பில் வெல்டிங் பார்த்தவன், பூதக்கண்ணாடி வைத்து அந்த முக்கோண முக்கோணமான பிரேமின் ஒவ்வொரு இணைப்பையும் பார்த்தேன். குறை கண்டுபிடிக்கத்தான் பார்த்தேன், ஒன்றும் கிடைக்கவில்லை, அன்று சாப்பாடு இறங்கவில்லை. சீட்டும் தணிவு, உனக்கு இரண்டு காலும் தரையில் நன்றாகப் பதிகிறது. பட்டனைத் தொட்டால் ஸ்டார்ட் ஆகிறதாமே, நான் காலையில் என் யெஸ்டி பைக்கை உதைக்கிற உதையில் எதிர்வீட்டு தேவசகாயம் எழுந்துகொள்கிறார். எங்கள் ஒர்க்‌ஷாப் ராஜேந்திரனுக்கும் காட்டினேன், ஞாயிற்றுக்கிழமை தோறும் புல்லட்டில் கோவளம் போய் மீன் வாங்கி வருவானே, அவன்தான். இன்னா சார் இது, எலும்ப மட்டும் வெச்சி வண்டி கட்டிகீறானுங்க, இதப் பாத்தா என் புல்லட்டு கல்யாண வூட்டு அண்டா மாரி கீதே என்றான். அவனுக்கும் வயிறு எரிந்ததில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல். மாமல்லபுரத்திலிருந்து கடலோரமாக ரோட்டை அவ்வளவு அழகாகப் போட்டிருக்கிறார்கள். ரோடு இங்கே இருக்கிறது, வண்டி அங்கே இருக்கிறது. போட்டோவில் எனக்குப் பிடிக்காதது ஒன்றே ஒன்றுதான், பின் சீட்டே இல்லை. தனக்கு மட்டும் இடம் வைத்துக்கொண்டு ஒரு வண்டி வாங்கிவிட்டாளே என்று மனசு கசந்தது.

அதற்குப் பிறகுதான் அம்மா கடிதத்தைப் படித்துக் காட்டினாள். வண்டியை விற்று, அந்தப் பணத்தில் பொங்கலுக்கு டிக்கெட் எடுத்து வருகிறேன் என்று எழுதியிருந்தாய். அம்மா அன்றைக்கே உன் கட்டிலுக்கு வேறு மெத்தை விரித்துவிட்டாள். நானும் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும், உன்னைப் பார்த்து இரண்டு வருஷம் ஆகிறது. ஆனால் எனக்குக் கிடைக்காதது உனக்குக் கிடைத்தும் அதை நீ கைவிடுவதா என்று மனசு அடித்துக்கொண்டது. நம் வீட்டில் எந்த வண்டி வாங்கினாலும் திருப்போரூர் முருகனிடம் ஓட்டிப்போய்ப் பூஜை போடுவதும், பூஜை போட்ட வண்டியை வருஷம் திரும்பும் முன்பு விற்காததும் உனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை லீவு போட்டேன். குருக்கள் வண்டி எங்கே என்றார், இத்தாலியில் என்று போட்டோவை நீட்டினேன். போட்டோவுக்கெல்லாம் வாகன பூஜை கிடையாது, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுங்கணுமே சார் என்றார். அப்படியானால் அதற்குப் பதிலாக என் யெஸ்டியை வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, போட்டோவை ஹாண்டில்பாரில் செருகி, அதற்கும் குங்குமம் வைத்து, உன் பெயர் நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை செய்தார். எலுமிச்சம்பழத்தை நான் ஏற்றி நசுக்கினேன். என் வண்டி, என் பெட்ரோல், புண்ணியம் மட்டும் உன் மான்ஸ்டருக்கு. திரும்பி வரும் வழியெல்லாம் யெஸ்டியின் முகத்தைப் பார்க்கவே எனக்குச் சங்கடமாக இருந்தது.

குங்குமப் போட்டோவைப் பார்த்ததும் அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. வித்துட்டு வரேன்னு எழுதின பொண்ணுக்கு விக்க முடியாதபடி கட்டுப் போட்டுட்டு வந்து நிக்கிறீங்களா, உங்களுக்கு வண்டி வேணும், எனக்கு என் பொண்ணு வேணும், அந்த இரும்பு அவளை அங்கேயே பிடிச்சு வெச்சுக்கும் என்று அழுதாள். எனக்கு உன் மேல் பொறாமை என்றால் அவளுக்கு அந்த வண்டி மேலேயே பொறாமை. அதற்குப் பிறகு காபி டம்ளரை வைக்கிற சத்தத்தில்தான் பேச்சு. செய்தது தப்போ என்று எனக்கும் பயம் வந்துவிட்டது. நேற்று சாயங்காலம் ராஜேந்திரன் எங்கிருந்தோ ஒரு பைக் புத்தகம் கொண்டுவந்து, சீட்டு இல்லாம இல்ல சார், மூடி போட்டுகீது, அத்த கழட்டினா கீழ இன்னொரு சீட்டு கீது என்று படத்தைக் காட்டினான். அம்மா சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது. அவன் போன பிறகு போட்டோவை வாங்கி வெகுநேரம் பார்த்துவிட்டு, புடவையோட உக்கார முடியுமா என்று கேட்டாள். முடியாது என்றேன். இன்று காலை பக்கத்து வீட்டு செல்லம்மாவைக் கூட்டிக்கொண்டு செங்கல்பட்டுக்குப் போய் சுடிதார் துணி எடுத்து வந்திருக்கிறாள். இவள் சுடிதார் போட்டு நீயும் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை.

ஆகவே வண்டியை விற்காதே, பொங்கலுக்கு அலைந்து வரவும் வேண்டாம், நாங்கள் மே மாதம் வருகிறோம். என்னைப் போல இங்கே வேலை செய்கிறவன் வெளிநாடு போக டிபார்ட்மெண்ட் அனுமதி வேண்டும், நாளைக்கே எழுதிக் கொடுக்கிறேன். அதுவரை ஈர ரோட்டில் மெதுவாகப் போ, செயினுக்கு எண்ணெய் விடு, ஹெல்மெட் வாரைப் போடாமல் தெருமுனைக்குக்கூடப் போகாதே. முருகன் அருளால் நீயும் வண்டியும் கீறல் இல்லாமல் இருக்க வேண்டும். முதலில் நான்தான் உட்காருவேன் என்று அம்மா சொல்லிவிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து என் பின்னாலேயே உட்கார்ந்து வந்தவள் உன் தோளைப் பிடித்துக்கொண்டு போவதை நான் ரோட்டோரம் நின்று பார்க்க வேண்டும், அதற்கும் எனக்கு இப்போதே பொறாமையாக இருக்கிறது. மறந்துவிடாதே, நாங்கள் வருவதற்குள் அந்த மூடியைக் கழற்றி வை.

இப்படிக்கு,
உன் அப்பா
சுப்புராமன்