‘புட் ஆஃப்’ நடத்திய நாள்

ஜூன் 12, வியாழன்

காலை ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் ‘புட் ஆஃப்’ நடத்தினேன். பிறகு செய்யலாம் என்ற எண்ணத்தோடு தள்ளிப்போட்டால் ‘புட் ஆஃப்’, அந்த எண்ணமே இல்லாமல் நிறுத்திவிட்டால் ‘கால் ஆஃப்’ என்று பெரிய மேதை மாதிரி விளக்கினேன்.

வெளியே வந்தால் வேன்காரர் நிற்கிறார். என் வீட்டுக்காரர் துபாயிலிருந்து வரும்போதெல்லாம் திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்கு நாங்கள் போவது இவர் வண்டியில்தான். திரும்பும் வழியில் குற்றாலத்தில் இறங்கிக் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவோம்.

“சாரல் தொடங்கிட்டுல்லா டீச்சர், அண்ணாச்சி என்னைக்கு வருதாவ?”

“அடுத்த மாசம்” என்றேன். வாயில் வந்த பொய்.

ரம்ஜானுக்கு வருகிறேன் என்றார். பிறகு சாரலுக்கு என்றார். நேற்று போனில், “இப்ப வர முடியாது” என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

வீட்டில் மாமியார் அருவிக்குக் கொண்டுபோகத் துண்டும் எண்ணெயும் பையில் எடுத்து வைத்திருக்கிறார். “அவன் வந்த பொறவு தேடிட்டு இருக்க முடியாதுட்டி” என்கிறார். அவரிடமும் நான் சொல்லவில்லை.

பிறகு எப்போது வருவீர்கள் என்று நேற்றே கேட்டிருக்கலாம். கேட்டால் பதில் சொல்லிவிடுவாரோ என்றுதான் போனை வைத்துவிட்டேன்.