இரண்டு பூப்பொட்டலம்

22-4-41, செவ்வாய். போடி.
நல்ல வெயில். தேவாரத்திலிருந்து பஸ். புழுதியில் வெள்ளைச் சட்டை காவியாகிவிட்டது. பழைய பங்களா ஓட்டலில் அறை. நூறு வருசக் கட்டடமாம். நாற்காலிக்கும் அதே வயதிருக்கும். வெள்ளி காலை ஏலக்காய் எஸ்டேட் லாரி மலை ஏறும். எனக்கு அங்கே கிளார்க் வேலை. மனைவி செல்லத்தாய் (இனி செ.) கூட வருவாளா, தெரியாது. அவள் அக்கா புருஷன் மலைக்காய்ச்சலில் போனவர். வா என்று கேட்க வாய் வரவில்லை.
அவளே சொன்னாள்: "சாமி முன்னாடி பூக்கட்டிப் பாப்போம். பூசாரி எடுக்குற பொட்டலத்துல வெள்ளை இருந்தா வாரேன். செவப்புன்னா நீங்க மட்டும் போங்க."
சரி என்றேன். கல்யாணமாகி எட்டு மாதம்தான்.

23, புதன்.
காலையில் ஜமீன் அரண்மனை வாசல் வரை நடை. உள்ளே விடவில்லை. செ.: "இம்புட்டுப் பெரிய வீட்டை யாரு கூட்டுவா?" பிறகு மாதா கோவில். உள்ளே குளுமை. கண்ணை மூடி நின்றாள். என்ன வேண்டினாளோ.
சாயந்திரம் பூங்கா. ரேடியோவில் யுத்தச் செய்தி, சுற்றிலும் கூட்டம். செ. பேசுகிற ஆளைத் தேடிப் பெட்டியின் பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். சிரித்தேன். கிள்ளினாள். மலைமேல் மேகம்.
"அங்கன ரொம்பக் குளிருமா?"
"கம்பளி வாங்கலாம்."
இவள் இல்லாமல் நான் எப்படி இருப்பேன்?
வாங்க: காய்ச்சலுக்குக் கொயினா மாத்திரை, மை, பூ, கம்பளி (ஒன்றா இரண்டா, நாளை தெரியும்).

24, வியாழன்.
மல்லிகைச் சரம், சிவப்பு அரளி வாங்கினேன். அரளியைப் பூங்கா வேலியோரம் போட்டுவிட்டேன். இரண்டு பொட்டலத்திலும் மல்லிகை. இலை சுற்றி, நூல் கட்டி. சாமியையே ஏமாற்றுகிறேன்.
அம்மன் கோவிலில் பூசாரி ஒன்றை எடுத்துப் பிரித்தார். "வெள்ளை, தாயி. நல்லபடியாப் போயிட்டு வாங்க." மற்றதை நான் எடுப்பதற்குள் செ. எடுத்து மடியில் செருகிக்கொண்டாள். பிரித்துவிடுவாளோ என்று வழியெல்லாம் பார்த்துக்கொண்டே வந்தேன்.
கம்பளி 2. சந்தோஷமாக இல்லை. அவளுக்குக் காய்ச்சல் வந்தால் அது என்னால். சொல்லிவிட வேண்டும். சொல்லவில்லை.

25, வெள்ளி.
ஆறு மணி. லாரியில் மூட்டைமேல் இருவரும். சொல்லிவிட்டேன். "ரெண்டுலயும் மல்லிகதான் வச்சேன், புள்ள. எறங்கணும்னா இப்பவே எறங்கிக்க."
செ. மடியிலிருந்து பொட்டலத்தை எடுத்தாள். கட்டுப் பிரிக்கவே இல்லை.
"கோவில்லயே தெரியும். மிச்சப் பொட்டலமும்ல மணத்துச்சு. அரளிக்கு ஏதுங்க இந்த வாசம்?"
"தெரிஞ்சுமா ஏறுன?"
"வான்னு நீங்க ஒருவாட்டிகூட வாயத் தொறந்து கேக்கல. இந்தப் பொட்டலம் கேட்டுச்சு. அதான் ஏறிட்டேன்."
நூலைப் பல்லால் கடித்துப் பிரித்தாள். பூ வாடியிருந்தது. தலையில் வைத்துக்கொண்டாள். லாரி கிளம்புகிறது. எழுத்து கோணல். ஒரு கம்பளியே போதும்போல.