சீப்பு இழுத்த சுவர்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் சுகம். நீயும் உன் மனைவியும் குட்டிப்பயலும் சுகமாக இருக்க வேண்டும். போனில் பேசுவதை விட்டு இதென்ன கடிதம் என்று சிரிப்பாய். சுவர் பேச்சை எடுத்தாலே அம்மா போனைப் பிடுங்கி, "அவன் நிம்மதியக் கெடுக்காதடி" என்கிறாள். நீயும் "அப்புறம் பேசலாம்க்கா" என்று வைத்துவிடுகிறாய். சுவரைப் படம் எடுத்து அனுப்பினாலும் இப்போதெல்லாம் திறந்து பார்ப்பதில்லை. அதனால் நாளை விமானம் ஏறும் உன் சிநேகிதரிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன்.

அம்மா அறைச் சுவருக்கு என்ன பூச்சு என்று மூன்று பலகையில் மாதிரி போட்டுப் படம் அனுப்பினேனே, நினைவிருக்கும். அம்மா ஆசைப்பட்டது கண்ணாடி மாதிரி மின்னும் சுண்ணாம்பு மெருகு. ஈரப் பூச்சின் மேல் சீப்பு இழுத்த சொரசொரப்பே போதும் என்றவன் நீ. பக்கத்து மனையில் அடித்தளத்துக்குக் குழி வெட்டத் தொடங்கிய வாரம் நம் சுவரில் மயிரிழை விரிசல் வந்திருந்தது. மெருகு போட்டால் அது தெரியும், முதலில் காரணத்தைப் பார்ப்போம் என்றேன். "நகக்கீறல் அளவுகூட இல்லையேக்கா, மறைக்கிற மாதிரி ஒண்ணப் போடு, லீவுக்கு நாங்க வர்றதுக்குள்ள முடி" என்றாய்.

நானும் போட்டேன். பதினெட்டு வருஷமாக ஊரார் சுவரைப் பூசி, காரணம் தெரியாமல் விரிசலை மூடாதே என்று கூட வேலை செய்பவர்களிடம் வாய் கிழியப் பேசுகிறவள் நான். வீடு உனக்கு என்று ஆன பிறகு மறுத்தால் பொறாமை என்று சொல்லிவிடுவார்களே என்று பயந்தேன். அதுதான் உண்மை. உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது?

வேலை அழகாகத்தான் வந்தது, என் வாயால் நானே சொல்கிறேன். அம்மாதான், "இதென்னடி தேங்காத் துருவி மாதிரி இருக்கு, முதுகு சாய்ச்சா தோலு போயிடும்" என்று ஒரு வாரம் திட்டித் தீர்த்தாள்.

இப்போது அந்தக் குழி இரண்டு ஆள் ஆழம், நம் சுவரை ஒட்டியே. மழை பெய்தால் மோட்டார் வைத்து இறைக்கிறார்கள். தண்ணீரோடு நம் பக்கத்து மண்ணும் கலங்கிப் போகிறது. அம்மாவின் அறைக் கதவு நிலையில் இடிக்கிறது. மரம் ஊறிவிட்டது என்கிறாள் அவள்.

மனசு கேட்காமல் கட்டிலின் தலைமாட்டில் உள்ளங்கை அளவு பூச்சைச் சுரண்டினேன். மயிரிழையாக இருந்த இடத்தில் என் சுண்டுவிரல் நுழைகிறது. எங்கள் தொழிலில் ஒரு வழி உண்டு. விரிசலின் குறுக்கே ஜிப்சத்தை வில்லையாக அப்பித் தேதி எழுதிவைப்போம். வில்லை முழுசாக இருந்தால் சுவர் நின்றுவிட்டது. உடைந்தால் இன்னும் நகர்கிறது. முதல் வில்லை ஒன்பது நாள் தாங்கியது. அடுத்தது நாலு நாள். மூன்றாவது மறுநாளே போய்விட்டது.

தெரிந்த இன்ஜினியரைக் கூட்டி வந்தேன். பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. "இன்னிக்கே காலி பண்ணுங்கம்மா" என்றார். "எம் மகன் வந்து பாத்துக்குவான், அவன் சொன்னாத்தான் எழுந்திருப்பேன்" என்று அம்மா அவரை அனுப்பிவிட்டாள். நான் காலைப் பிடித்துக் கெஞ்சினேன். "உனக்கு இந்த வீட்டு மேல கண்ணு" என்றாள். பேரன் வருகிறான் என்று தொட்டிலையும் அதே சுவரோரம் போட்டுத் துணி விரித்து வைத்திருக்கிறாள்.

வீடு உனக்கே இருக்கட்டும். எந்தத் தாளில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். என் வாடகை வீட்டில் அவளுக்கு ஓர் அறையை ஒழித்துத் தயாராக வைத்திருக்கிறேன். அவள் வரும்வரை தனியாக விட மனமில்லாமல் நானும் அவள் கட்டிலருகே பாயைப் போட்டுக்கொண்டேன்.

காலையில் நாலாவது வில்லையை அப்பிவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். உறையை ஒட்டும் முன் போய்ப் பார்த்தேன். தொட்டால் இன்னும் ஈரம் இருக்கிறது, அதற்குள் நடுவில் கோடு விழுந்துவிட்டது. அதன் அடியில் அம்மா மத்தியானத் தூக்கம் தூங்குகிறாள்.

நீ நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும். படித்து முடித்ததும் வேறு வேலை பார்க்காதே. அம்மாவைக் கூப்பிட்டு, "எழுந்து அக்கா வீட்டுக்குப் போம்மா" என்று ஒரு வார்த்தை சொல். நீ சொன்னால் அந்த நிமிஷமே எழுந்துவிடுவாள். அவள் எடுக்காவிட்டால் என் போனுக்கு அடி. நானும் எடுக்காவிட்டால், நேராகக் கிளம்பி வா. குழந்தையை மட்டும் கூட்டி வராதே.

என்றும் உன் நலம் வேண்டும்
அக்கா