பன்னீர்ப் புட்டியில் வந்த பொன்

சேரன்மாதேவி,
பரிதாபி வருஷம் ஆனி 2.

சிரஞ்சீவி மாப்பிள்ளை ஆவுடைநாயகத்துக்கு மாமன் வைத்தியலிங்கத்தின் ஆசீர்வாதம். இங்கே ஆறும் வயலும் நாங்களும் சுகம். உங்கள் சுகத்தை நீங்களாக எழுதினால்தான் எங்களுக்குத் தெரியும். எழுதத்தான் உங்களுக்குக் கை வருவதில்லை.

கோமுவுக்கு மாதம் நிறைந்துவிட்டது. இன்றோ நாளையோ என்று மருத்துவச்சி சொல்கிறாள். "அத்தானுக்கு எழுதுனியளாப்பா?" என்று தினமும் என்னைக் குடைகிறாள். தாயில்லாத பெண். கேட்டதையெல்லாம் செய்து கொடுத்து வளர்த்துவிட்டேன், இப்போது அதிகாரம் பண்ணுகிறாள்.

போன கடுதாசியில் நீங்கள் எழுதிய அதிசயத்தைக் கோயில் வாசலில் நாலு பேருக்கு வாசித்துக் காட்டினேன். அது என் புத்தி. கல்லை மாவாக இடித்துத் தண்ணீர் ஊற்றினால் அதிலுள்ள பொன் தண்ணீரில் கரைந்து வருகிறது என்று வாசித்ததும் தாணுமாலையன், "உம்ம மருமவன் வேலை பாக்கது பொன் வயல்லயா, உப்பளத்துலயா வே?" என்று கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். பொன் நெருப்பில் உருகும், பார்த்திருக்கிறேன். தண்ணீரில் கரையுமென்றால் கோமு ஆற்றில் முங்கி எழும்போதெல்லாம் தாலி கரைந்திருக்க வேண்டாமா? பாளையங்கோட்டைக் கச்சேரியில் வேலை வாங்கித் தருகிறேன் என்றேன், வேண்டாமென்று கோலார்ச் சீமைக்கு ஓடினீர்கள். போனதுதான் போனீர்கள், மாமனிடம் கதை விட வேண்டாம்.

இப்படிக்கு,
வைத்தியலிங்கம்.


தங்கவயல்,
ஆனி 7.

மரியாதைக்குரிய மாமா அவர்களுக்கு ஆவுடைநாயகம் நமஸ்காரம்.

உங்கள் கடுதாசியைப் பார்த்து எனக்குக் கோபம் வந்தது. மறைக்கவில்லை. முன்பு குழி தோண்டுகிறவன் என்று சொன்னீர்கள், பொறுத்தேன். இப்போது பொய்யன் என்கிறீர்கள்.

இங்கே கல்லை நீர்விட்டு மாவாக இடிக்கிறார்கள். கண்ணுக்குத் தெரிகிற பொன்னைப் பாதரசம் பூசிய தகட்டில் பிடித்துக்கொள்கிறார்கள். மிச்சம் மண்ணோடு மண்ணாய்க் கிடக்கும். எந்தத் தட்டானாலும் அதை எடுக்க முடியாது. அந்த மண்ணைக் கிணறு போன்ற தொட்டிகளில் கொட்டி, சயனைடு என்ற ஒரு உப்பைக் கரைத்த தண்ணீரை மேலே விடுவோம். நாள் கணக்கில் அது பைய இறங்கும். இறங்கும்போது பொன்னையும் வெள்ளியையும் கரைத்துக் கூட்டிக்கொண்டு அடிக்குழாயில் வரும். பார்த்தால் நம் ஆற்றுத் தண்ணீர் போலத் தெளிவாக இருக்கும். அதைத் துத்தநாகச் சீவல் நிரப்பிய பெட்டிகளில் விட்டால் சீவல் கறுத்துப் பொன் படியும். அதை உருக்கினால் பாளம். அந்தப் பெட்டிகளைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. உங்கள் மகள் தாலி ஆற்றில் கரையாது, பயப்பட வேண்டாம்.

நம்மூர் தளவாய் இங்கே பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார் அல்லவா, அவர் நாளைக்கு ஊருக்குப் புறப்படுகிறார். அந்தத் தண்ணீரில் பொன் நிறையக் கரைந்ததாகப் பார்த்து ஒரு புட்டி அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். சுரங்க வாசலில் சோதனை போடுவார்கள் என்பதால் பன்னீர்ப் புட்டியில் ஊற்றியிருக்கிறேன். தளவாய்க்கும் பன்னீர் என்றுதான் சொன்னேன். கூடவே துத்தநாகச் சீவலும் காகிதத்தில் இருக்கிறது. ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் ஊற்றிச் சீவலைப் போடுங்கள். கறுத்ததும் நம் தட்டாசாரியிடம் கொடுத்து வெங்காரம் சேர்த்து ஊதச் சொல்லுங்கள். தாணுமாலையன் மாமாவையும் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

கோமுவைக் கேட்டதாகச் சொல்லவும்.

தங்கள் மருமகன்,
ஆவுடைநாயகம்.


தங்கவயல்,
ஆனி 10.

மாமா அவர்களுக்கு நமஸ்காரம்.

அவசரமாக எழுதுகிறேன். போன கடுதாசியில் ஒன்றை எழுத விட்டுவிட்டேன். இங்கே எல்லாருக்கும் தெரிந்த சங்கதி என்பதால் தனியாகச் சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை.

அந்தத் தண்ணீர் விஷம். இன்று காலையில் தொட்டி கழுவிய வாளியை ஒரு நாய் நக்கியது. நாலு எட்டு வைக்கவில்லை, விழுந்து இழுத்துக்கொண்டு செத்தது. பார்த்ததும் எனக்குப் புட்டி ஞாபகம் வந்தது. சோதனை முடிந்ததும் மிச்சத்தை ஆள் நடமாடாத இடத்தில் குழி வெட்டிக் கொட்டி மூடிவிடுங்கள். ஆற்றிலோ வாய்க்காலிலோ ஊற்ற வேண்டாம். கிண்ணத்தையும் புதைத்துவிடுங்கள்.

தந்தி அடிக்கலாம் என்று தந்தி ஆபீஸ் வாசல்வரை போனேன். பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டில் தந்திச் சேவகன் வந்து நின்றால் சேதி என்னவென்று கேட்குமுன் ஒப்பாரி வைத்துவிடுவார்கள். கோமு பயந்துவிடுவாள். அதை நினைத்துத் திரும்பிவிட்டேன். வேடிக்கை பார்க்க அனுப்பியதை யார் குடிக்கப் போகிறார்கள்? இருந்தாலும் எட்டாத இடத்தில் வையுங்கள்.

ஆவுடைநாயகம்.


சேரன்மாதேவி,
ஆனி 12.

என் அருமை மாப்பிள்ளைக்கு மாமன் வைத்தியலிங்கம் கோடி ஆசீர்வாதம்.

பேரன் பிறந்துவிட்டான்! முந்தாநாள் சாயங்காலம், சுகப்பிரசவம். கோமு நலம். பயல் உங்கள் நிறம், குரல் மட்டும் என் குரல், தெருக்கோடி வரை கேட்கிறது. தந்தி அடிக்கலாமே என்றார்கள். எழவுச் சேதிக்குத்தானே தந்தி, நல்ல சேதிக்குக் கடுதாசி போதும் என்று சொல்லிவிட்டேன்.

நேற்றுத் தளவாய் வந்தான். புட்டியையும் உங்கள் கடுதாசியையும் கொடுத்தான். மாப்பிள்ளை, நான் தோற்றேன். சந்தோஷமாகத் தோற்றேன். நீங்கள் எழுதியபடியே செய்தோம். சீவல் கறுத்தது. தட்டாசாரி கரியில் வைத்து ஊதினான். ஊசி முனையில் ஒட்டுகிற அளவுதான், ஆனால் மஞ்சள் மஞ்சேர் என்று பொன்! "ஏவே தாணு, இப்பம் சொல்லும், உப்பளமா?" என்று கேட்டேன். அவன் துண்டை உதறிக்கொண்டு போய்விட்டான். உங்களைப் பேசியதெல்லாம் தப்பு. மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

பிறந்ததும் மருத்துவச்சி சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைத்தாள். பொன் உரைத்த சேனையை நாக்கில் தொட்டு வைப்பது மட்டும் நம் வீட்டில் நாள் பார்த்துத்தான். அது நாளைக் காலை. மோதிரத்தை எடுத்து வரச் சொன்னேன், அப்போதுதான் தோன்றியது. ஊரார் பிள்ளைக்கெல்லாம் பொன்னை உரைத்து வைப்பார்கள். என் பேரனுக்கு அவன் தகப்பன் பொன்னையே கரைத்து அனுப்பியிருக்கும்போது மோதிரம் எதற்கு? புட்டியில் முக்காலும் மிச்சம் இருக்கிறது. திறந்தால் வாதுமைப் பருப்பு ஊறப்போட்ட மாதிரி லேசாக ஒரு வாசம். சர்க்கரை கலந்து கொடுத்தால் பயல் சப்புக் கொட்டுவான்.

சேனை வைக்கிறவன் வெறும் வயிற்றோடு இருந்து, முதலில் தான் வாய் நிறையக் குடித்துவிட்டுத்தான் பிள்ளைக்கு வைக்க வேண்டும், அதுதான் நம் வழக்கம். நானே வைக்கப் போகிறேன். பொன் உடம்புக்கும் நல்லது, என் இருமலுக்கும் கேட்கும்.

லீவு போட்டுவிட்டு உடனே வாருங்கள். உங்கள் மாமன் இனி உங்களை ஒரு வார்த்தை சொன்னால் ஏனென்று கேளுங்கள்.

வைத்தியலிங்கம்.


தந்தி
ஆனி 15.

புட்டித் தண்ணீர் விஷம். பிள்ளைக்குக் கொடுக்க வேண்டாம். யாரும் குடிக்க வேண்டாம். புறப்படுகிறேன். ஆவுடைநாயகம்.


சேரன்மாதேவி,
ஆனி 16.

அத்தானுக்குக் கோமு எழுதுவது.

இதைத் தளவாய் அண்ணாச்சியிடம் கொடுத்து ஸ்டேஷனுக்கு அனுப்புகிறேன். வீட்டுப் படி ஏறுமுன் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மாட்டு வண்டியில் ஏறுவதற்கு முன்னால் நின்று படித்துவிடுங்கள்.

பிள்ளை இருக்கிறான். முதலில் அதைத்தானே தேடுவீர்கள்.

அப்பா இல்லை.

பதிமூன்றாம் தேதி காலையில் அப்பா குளித்து, திருநீறு பூசி, வெள்ளிக் கிண்ணத்தோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். பிள்ளை என் மடியில் இருந்தான். "உங்கப்பன் அனுப்புனதுல, கொஞ்சம் எனக்கும் பங்கு உண்டுல்லா" என்று அவனிடம் சொல்லிவிட்டு மடக் மடக்கென்று குடித்தார்கள். முகத்தைச் சுளித்து, "காந்துதே தாயி" என்றார்கள். பிறகு பிள்ளைக்கு வைக்க விரலை நனைத்தார்கள். விரல் பிள்ளை வாய்க்குப் பக்கத்தில் வரும்போது கை நடுங்கியது. மூச்சு வாங்கியது. நான் பிள்ளையை இழுத்துக்கொண்டேன். ஏன் இழுத்தேன் என்று எனக்குத் தெரியாது. அப்பா கிண்ணத்தின்மேலேயே சாய்ந்துவிட்டார்கள். வைத்தியர் வந்து பார்த்தபோது நாடி இல்லை.

நெஞ்சடைப்பு என்று ஊர் சொல்கிறது. பேரனைப் பார்த்த சந்தோஷம் தாங்கவில்லை என்கிறார்கள். உங்கள் கடுதாசி அன்று மத்தியானம் வந்தது. அப்பாவை அப்போது வாசலில் கிடத்தியிருந்தார்கள். நான் உள்ளே இருந்து வாசித்தேன். இரண்டாம் தரம் வாசித்தேன். பிறகு அடுப்பில் போட்டுவிட்டேன். நேற்றுத் தந்தி வந்தது, பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலீஷ் இதற்கு உதவியது. அதையும் எரித்துவிட்டேன். புட்டியையும் கிண்ணத்தையும் நீங்கள் எழுதியபடி புதைக்கச் செய்தேன், தீட்டுச் சாமான் என்று சொல்லி.

யாருக்கும் தெரியாது. தளவாய் அண்ணாச்சிக்கும் தெரியாது. தன் கையால் கொண்டு வந்தது இன்னதென்று தெரிந்தால் அவர் உயிரோடு இருக்க மாட்டார். எதிரே நிற்கிற அவரிடம் ஒன்றும் கேட்காதீர்கள்.

கொள்ளி வைக்க மருமகன் எங்கே என்று எல்லாரும் கேட்டார்கள். சித்தப்பா மகன் வைத்தான். வாருங்கள், வந்து அழுங்கள், உங்களுக்கும் அழ வேண்டியிருக்கும். பதினாறாம் நாள் காரியம் வரை இருங்கள். பிறகு நீங்கள் மட்டும் போய்விடுங்கள். நானும் பிள்ளையும் வரவில்லை. வழக்கப்படி உங்கள் அப்பா பெயரைத்தான் வைக்க வேண்டும், நான் வைத்தியலிங்கம் என்று வைத்துவிட்டேன். மாற்றச் சொல்லாதீர்கள்.

எனக்கு ஆறவில்லை அத்தான். நான் பயந்துவிடுவேன் என்றா திரும்பினீர்கள்? எனக்கு வலி எடுத்த அன்றைக்கே தந்தி வந்திருக்கும். பயந்திருப்பேன். தெருவே கூடி அழுதிருக்கும். அப்பா அதை யாரையாவது வைத்து வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "இதுக்கா வே தந்தி அடிச்சீரு, வீட்டையே கலங்கடிச்சுட்டீரே" என்று உங்களுக்கு ஒரு கடுதாசி எழுதியிருப்பார்கள்.

கோமு.